வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை



விழா நாளில் வயிற்று நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழுக்கு அது புதிதன்று. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே நூலுக்குச் சூட்டிய மொழி இது. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசானும் ஏலாதி இயற்றிய கணிமேதாவியாரும் சமணர் என்பது தமிழறிஞர் துணிபு. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. ஆகவே மருந்தைப் பற்றிய பேச்சு இவ்வவைக்கு அயலான பேச்சாகாது.

இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அறுபது வயதைக் கடந்த பெரியோரின் கைப்பைகளில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. இவற்றின் பெயர்களைப் பலரும் பிழையின்றிச் சொல்வர். கூடவே இன்னொன்றும் இருக்கும். அதைக் கேட்டால் மட்டும், "அது ஒன்றுமில்லை, கேஸ் மாத்திரை" என்பர். 'ஒன்றுமில்லை' என்று சொல்லப்படும் அந்த ஒன்றைப் பற்றியதே இவ்வுரை.

வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர் ஒரு பெரியவர். இப்போது வயது 72. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தோள்மூட்டில் வலி வந்தது. மருத்துவர் 10 நாளுக்கு வலி மாத்திரை எழுதினார். அம்மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கிவிடாமல் காக்கும்பொருட்டு, காலையில் வெறும் வயிற்றில் விழுங்கப் பாண்டோபிரசோல் ஒன்றையும் சேர்த்து எழுதினார். அது முறையான மருத்துவமே, குறை சொல்வதற்கில்லை. வலி தீர்ந்தது, வலி மாத்திரையும் நின்றது. கேஸ் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. நிறுத்தலாமா என்று அவரும் கேட்கவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் அட்டை அட்டையாகக் கிடைத்தது.

அடுத்த ஆண்டில் மனைவி மறைந்தார். சென்னையில் மகன் வீட்டுக்குப் பெரியவர் குடிபெயர்ந்தார். ஊரில் இருந்தவரை கதிர் மறையுமுன் உண்டு முடிப்பது அவருடைய வழக்கம். அவர் தந்தைக்கும் பாட்டனுக்கும் அதுவே வழக்கம். சென்னை வீட்டில் மகன் அலுவலகத்திலிருந்து திரும்ப எட்டரை மணியாகும். பெயரன் தனிப்பயிற்சி வகுப்பு முடிந்து வர ஒன்பதாகும். மருமகள் மாமனாருக்கென்று ஐந்தரை மணிக்குத் தனியாக அடுப்பு மூட்ட அணியமாகவே இருந்தார். "எனக்காக எதுக்கும்மா ரெண்டு வேலை? எல்லாரோடயும் சாப்பிட்டுக்கறேன்" என்று சொன்னவர் பெரியவர்தாம். தனித்து உண்பதன் தனிமை அவருக்குத் தாங்கவில்லை என்பதே உண்மை. ஒன்பதரைக்கு உணவு, பத்து மணிக்குப் படுக்கை என்றாயிற்று.

ஆறு திங்கள் செல்வதற்குள் நெஞ்செரிச்சல் தொடங்கியது. நள்ளிரவில் புளிப்பு நீர் தொண்டை வரை எதுக்களித்து வந்து, இருமி எழுந்து உட்காருவார். காலையில் குரல் கம்மியிருக்கும். வேறொரு மருத்துவர் பழைய மாத்திரைக்கு மாறாக, பாண்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் ஒன்றை எழுதினார். எரிச்சல் அடங்கியது. கேப்சூல் நிலைத்துவிட்டது.

இங்கே சற்று நின்று, எதுக்களிப்பு என்பது என்ன என்று பார்ப்பது நலம். உண்ட உணவைச் செரிக்க இரைப்பை ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது இன்ன அமிலம் என்பதை 1820களில் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் கண்டறிந்தார். கடுமையான அமிலமாயினும், தன் உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் இருப்பதால் இரைப்பை அதைத் தாங்கும். உணவுக்குழலுக்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டும் சேருமிடத்தில், சுருக்குப்பையின் வாய்க்கயிறு போல ஒரு தசைவளையம் இறுகி நிற்கிறது. அது வேளையல்லா வேளையில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். வயிறு நிரம்பியிருக்கும்போது வளையம் அடிக்கடி தளரும். தொந்தி பெருத்திருந்தால் கீழிருந்து அழுத்தம் கூடும். நின்றுகொண்டிருப்பவருக்கு ஏறிய அமிலம் தானே கீழிறங்கிவிடும். படுத்திருப்பவருக்கு அவ்வாறு இறங்குவதில்லை. நிரம்பிய வயிறும் உடனே படுக்கையும் சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கதிர் மறையுமுன் உண்பவருக்கு, படுக்கைக்குச் செல்வதற்குள் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கிறது. இரைப்பையின் பெரும்பகுதி அதற்குள் காலியாகிவிடும். இரவுணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்லும் மருத்துவ அறிவுரையும் இதுவே. இவ்வொற்றுமையைக் கொண்டு, இரவுண்ணாமையே ஒரு வயிற்று மருத்துவம் என்று பெருமை பேசுவோர் உண்டு. அது தேவையற்றது. அந்நோன்பு உயிரிரக்கத்தின் பொருட்டுத் தோன்றியது. வயிற்றுக்கு நலம் வருவது உடன்விளைவு. அறத்தை அறமாகவே வைத்துக்கொள்வது அழகு.

இனி மாத்திரையின் கதை. 1970கள் வரை எரிச்சலுக்கு மருந்து என்றால் அமிலத்தை அப்போதைக்கு முறிக்கும் சுண்ண, மக்னீசியப் பொடிகளும் நீர்மங்களுமே. 1976இல் இங்கிலாந்தில் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பையே குறைக்கும் அம்மருந்துக்கு வழிகோலிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றவருள் ஒருவர். அதே 1988இல் சுவீடனில் ஒமிபிரசோல் வெளிவந்தது. பாண்டோபிரசோல், ரபிபிரசோல், ஈசோமிபிரசோல் யாவும் அதன் தம்பிமாரே. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகளை இவை பற்றிக்கொண்டு முடக்குகின்றன. மாத்திரை குருதியில் ஓரிரு மணி நேரமே தங்குகிறது; ஆயினும் முடங்கிய பம்பு முடங்கியதுதான், உடல் புதிய பம்பைச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் பெரும்பாலோர்க்கு நாளைக்கு ஒன்று போதுமானதாகிறது. உணவு வரும் வேளையில்தான் பம்புகள் விழித்தெழுகின்றன. ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னர் விழுங்கினால் மருந்து முழுமையாகப் பலன் தரும். உணவுக்குப் பின் நினைவு வந்து விழுங்குவோர் பயனில் ஒரு பகுதியை இழக்கின்றனர். இரைப்பைப் புண்ணால் இரத்தம் கக்கி, அறுவைக்கு ஆளான தலைமுறை ஒன்று இருந்தது. அத்துன்பம் இன்று அருகியதில் இம்மாத்திரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நன்றி மறக்கலாகாது.

பெரியவருக்கு இடையில் ஒருமுறை ஐயம் வந்தது. இத்தனை ஆண்டு விழுங்குகிறோமே, நிறுத்திப் பார்ப்போம் என்று யாரையும் கேளாமல் நிறுத்தினார். நான்காம் நாள் நெஞ்சு தீப்பற்றியது போல் எரிந்தது. முன்பு எக்காலத்தும் அவ்வளவு எரிந்ததில்லை. மாத்திரை இல்லாமல் தம் உடல் இயங்காது என்று முடிவுகட்டி மறுநாளே திரும்பத் தொடங்கிவிட்டார்.

அம்முடிவு பிழையானது; ஆனால் அப்படி முடிவு செய்தது இயல்பு. அமிலம் நெடுநாள் குறைந்திருப்பதை உணர்ந்த உடல், காஸ்ட்ரின் என்னும் சுரப்பைக் கூட்டி, அமிலம் சுரக்கும் ஆற்றலை வளர்த்துக்கொள்கிறது. மாத்திரை என்னும் அணையைத் திடீரென்று திறந்தால், தேங்கிய ஆற்றல் முழுதும் பாய்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. நெஞ்செரிச்சலே இல்லாத நலமுள்ள 120 பேரில் ஒரு சாராருக்கு எட்டு வாரம் ஈசோமிபிரசோல் கொடுத்து, பின் நான்கு வாரம் மருந்தில்லா வெற்று மாத்திரை கொடுத்தனர். மறு சாராருக்கு முழுக்க வெற்று மாத்திரையே. கடைசி நான்கு வாரங்களில், மருந்து நின்றவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு எரிச்சல் முதலிய தொல்லைகள் தோன்றின. மறு சாராரில் 15 பேருக்கு. நோயே இல்லாதவருக்கு, மருந்தை நிறுத்தியதால் நோயின் குறிகள் வந்தன. நிறுத்திய சில நாளில் எழும் எரிச்சல், மாத்திரை என்றென்றைக்கும் வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. பொறுத்தால் சில வாரங்களில் அது தணியக்கூடும்.

பெரியவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. மெட்பார்மின் உண்டு வந்தார். சென்ற ஆண்டு பாதங்களில் மரமரப்புத் தொடங்கியது. வெறுந்தரையில் நடந்தாலும் பஞ்சை மிதிப்பது போலிருந்தது. சர்க்கரை உள்ளவருக்கு இது வருவதுதானே என்று வீட்டில் எல்லாரும் கருதினர். ஒருநாள் கோயிலில் கண்மூடி நின்று தொழுதபோது தள்ளாடிப் பக்கத்திலிருந்த தூணைப் பற்றிக்கொண்டார். முதுமை என்று அதையும் ஒதுக்கினர். பெயரனின் பெயரை மறந்து, 'அந்தப் பிள்ளை' என்று அழைத்தபோதுதான் மருமகள் கலங்கினார்.

பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். தந்தையின் மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போடும்போது ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்பா, இது எதுக்குப்பா?"

"அது கேஸுக்கும்மா."

"உங்களுக்கு இப்ப நெஞ்செரிச்சல் இருக்கா?"

"மாத்திரை போடுறதால இல்லை."

"எப்ப ஆரம்பிச்சது? யார் எழுதினாங்க?"

பெரியவருக்கு விடை சொல்ல நெடுநேரமாயிற்று. தோள்வலி நினைவுக்கு வந்தது. அந்த வலி போய் எட்டாண்டு ஆகிறது.

மறுவாரம் மகளே பொது மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றாள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றது நல்ல செயல். பெயரைச் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது மேல். மருத்துவர் அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்த்தார். பின் குருதியில் வைட்டமின் பி12 அளவைச் சோதிக்கச் சொன்னார். பல ஆய்வகங்கள் 200க்குக் கீழிருந்தால் குறைவு எனக் கொள்கின்றன. பெரியவருக்கு அதில் பாதிகூட இல்லை.

இவ்விடம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சற்று உற்றுக் கேட்க வேண்டிய இடம். பி12 மரக்கறியில் இல்லை. புலால் உண்ணாதாருக்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு வழி. முதியோர் பலர் அவற்றையும் குறைத்து, இரண்டு குவளைக் காப்பியில் கலக்கும் பாலோடு நின்றுவிடுகின்றனர். உணவிலுள்ள புரதத்தோடு பிணைந்திருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை மாத்திரை குறைக்கிறது. மெட்பார்மினும் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது நெடுங்காலம் அறிந்த செய்தி. வரவே சுருங்கிய வீட்டில் இரண்டு கதவுகளும் அடைபட்டது போலாயிற்று. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், இவ்வகை மாத்திரைகளை இரண்டாண்டும் அதற்கு மேலும் உட்கொண்டவரிடம் பி12 குறைபாட்டுக்கான வாய்ப்பு, உட்கொள்ளாதவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. கல்லீரல் பி12ஐச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெல்லத்தான் வெளிப்படும். வெளிப்படும்போது சர்க்கரையின் வேலை, முதுமையின் வேலை என்று பழி வேறெங்கோ போய்விடுகிறது. நரம்புச் சேதம் நெடுநாள் நீடித்தால் முழுதும் மீளாது.

பெரியவரின் நிலைக்குக் கேஸ் மாத்திரை ஒன்றே காரணம் என்று மருத்துவர் கூறவில்லை. உணவும் சர்க்கரை மாத்திரையும் கேப்சூலும் வயதும் கூடிச் செய்தவை என்றார். மருந்துக்காக உணவு நெறியை மாற்ற வேண்டுமோ என்று பெரியவர் தயங்கியபோது, வேண்டியதில்லை என்று உடனே தெளிவுபடுத்தினார். பி12ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ தரலாம். மாத்திரையிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திராததால், அதற்கு அமிலத்தின் துணை தேவைப்படுவதில்லை. முதலில் ஊசிகள், பிறகு நாள்தோறும் மாத்திரை என்று முறை வகுத்தார்.

இன்னும் சிலவற்றையும் அவர் சுட்டினார். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர அமிலம் துணைசெய்கிறது. கால்சியம் கார்பனேட் மாத்திரைக்கும் அமிலம் வேண்டும். கால்சியம் சிட்ரேட்டுக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. தைராய்டு மாத்திரை உண்போருக்கு அதன் அளவைத் திருத்த நேரலாம். நெடுநாள் உட்கொண்ட சிலருக்குக் குருதியில் மக்னீசியம் குறைவதாக 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கேப்சூலில் கூடவே ஒளிந்திருந்த டோம்பெரிடோனைத்தான் மருத்துவர் முதலில் நீக்கினார். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். அறுபது வயதைக் கடந்தவருக்கு அவ்விடர் கூடுதல். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014இல் அதை ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகத் தர வேண்டாம் என்று வரையறுத்தது. பெரியவர் அதை ஏழாண்டு உண்டிருந்தார். இரண்டு மருந்துகள் ஒரே உறைக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது.

உள்நோக்குக் குழாய் கொண்டு உணவுக்குழலைப் பார்த்ததில் புண் ஏதும் இல்லை. அதன்பின்தான் குறைக்கும் வேலை தொடங்கியது. 40 மில்லிகிராம் 20 ஆயிற்று. சில வாரம் சென்றபின் ஒருநாள் விட்டு ஒருநாள். பின்னர் வேண்டும்போது மட்டும். எரிச்சல் எழும் நாளில் ஜெலுசில் போன்ற அமில முறி மருந்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் கடினமாயிருந்தன. இது அணை திறந்த வெள்ளம், வடியும் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்ததால் பெரியவர் பொறுத்தார்.

வீட்டிலும் சில மாற்றங்கள் நேர்ந்தன. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயர மரக்கட்டைகளைத் தச்சர் செய்து வைத்தார். தலையணைகளை அடுக்கிக்கொள்வது அதற்கு ஈடாகாது. இடுப்பு மடிந்து வயிறு மேலும் அழுந்தும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் எதுக்களிப்புக் குறைகிறது. வயிற்றுச் சுற்றளவு சற்றுக் குறைந்தது. இரவில் குடித்துவந்த பாலை மாலைக்கு மாற்றினார். பால் அப்போதைக்குக் குளிர்ச்சி தரினும் பின்னர் அமிலத்தைத் தூண்டும். எவ்வுணவு எரிச்சல் தரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரியவருக்கு வற்றல் குழம்பு ஒத்துக்கொண்டது, பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. உலகோர்க்கெல்லாம் ஒரே விலக்குப் பட்டியல் எழுதுவோரை நம்ப வேண்டியதில்லை. நோன்பு நாளில் மாத்திரை எவ்வாறு என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்தார். நோன்பு முடித்துப் பாரணை செய்யும்போது ஒரே வேளையில் நிறைய உண்ணாமல், சிறிது சிறிதாக உண்பதே வயிற்றுக்கு இதம்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் உணவு வேளைதான். ஆறு மணிக்கு அவர் உண்கிறார். தனித்து உண்ண வேண்டியிருக்கவில்லை. பெயரனின் பயிற்சி வகுப்பு ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது. அதற்கு முன் பசிக்கும் பிள்ளைக்கு இதுவரை பிஸ்கட் கொடுத்துவந்தனர். இப்போது தாத்தாவும் பெயரனும் சேர்ந்து உண்கின்றனர். ஒன்பதரைக்கு மற்றவர் உண்ணும்போது பெரியவர் அருகில் அமர்ந்து வெந்நீர் அருந்துகிறார்.

இதோடு கதை முடிந்திருந்தால் இவ்வுரைக்கே தேவையிருந்திராது. பெரியவருக்கு 76 வயதில் தமக்கையார் ஒருவர். திண்டிவனம் பக்கம் இருக்கிறார். ஈராண்டுக்கு முன் ஒருநாள் அவருக்கு நெஞ்சை அடைப்பது போலிருந்து வியர்த்தது. 'வாயுதான்' என்று ஓமவாட்டரும் சோடாவும் கொடுத்து அரைநாளைக் கழித்தனர். மாரடைப்பு என்று பின்னர்தான் தெரிந்தது. ஸ்டெண்ட் வைத்து, குருதி உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் கொடுத்தனர், கூடவே பாண்டோபிரசோலும். நெஞ்சடைப்போடு வியர்வையோ, மூச்சு வாங்கலோ, தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியோ இருந்தால், கேஸ் என்று வீட்டில் தீர்ப்பளிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

உறவினர் திருமணம் ஒன்றில் பெரியவர் தம் வெற்றியைப் பந்தியில் அமர்ந்திருந்தோர்க்கெல்லாம் சொன்னார். சொன்னதில் பெருமிதம் இருந்தது. சில நாள் கழித்துத் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏன் தம்பி, நீ விட்டுட்டியே, எனக்கு மட்டும் அது எதுக்கு? கிட்னி போயிடுமாம், ஞாபகம் போயிடுமாம்னு போன்ல வந்திருக்கே."

"விட்டுப் பாருக்கா. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

அவர் விட்டார். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய வலி மாத்திரையும் இடையிடையே சேர்ந்தது. இரண்டு திங்களுக்குள் மலம் தார் போலக் கறுத்தது. எழுந்தால் தலை சுற்றியது. மருத்துவமனையில் சேர்த்து இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இரைப்பையில் புண். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அவருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யன்று. அதுவே அதன் தீங்கு. சிறுநீரகத்தையும் மறதி நோயையும் இம்மாத்திரைகளோடு தொடர்புபடுத்திய ஆய்வுகள் 2016இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வெளிவந்தன. அவை மாத்திரை உண்போரையும் உண்ணாதோரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள். மாத்திரை உண்போர் முன்னரே நோயுற்றவர்களாக இருப்பது வழக்கம். குடை பிடித்தவர்களே மிகுதியும் நனைந்திருக்கிறார்கள் என்பதால் குடைதான் மழையைக் கொணர்ந்தது என்று கூறவியலாது. சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி அரிதாக வருவது உண்மை. அதை மருத்துவர்கள் அறிவர். 2019இல் வெளிவந்த வேறோர் ஆய்வு குலுக்கல் முறையில் பிரித்து நடத்தியது. இதயநோயும் குருதிக்குழாய் நோயும் உள்ள 17,598 பேரில் பாதிப்பேருக்குப் பாண்டோபிரசோல், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை என்று ஏறத்தாழ மூன்றாண்டு கொடுத்துப் பார்த்தனர். மறதியிலும் எலும்பு முறிவிலும் சிறுநீரக நோயிலும் குறிக்கத்தக்க வேறுபாடு இல்லை. குடல் தொற்று மட்டும் சற்றே மிகுந்தது: நூற்றுக்கு 1.0 என்பது 1.4 ஆயிற்று. மூன்றாண்டுச் சான்று எட்டாண்டுக்கும் பத்தாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எனினும் அச்சத்துக்கு ஓர் அளவு வைக்க அது உதவும்.

அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2022இல் வெளியிட்ட அறிவுரை இவ்விருவர் கதையையும் ஒருங்கே தழுவுகிறது. இம்மாத்திரை உண்போர் யாவரும் அது எதற்காக என்பதைக் குறித்த காலத்தில் மறுஆய்வு செய்ய வேண்டும். காரணம் இல்லையெனில் குறைக்கவோ நிறுத்தவோ முயலலாம். குருதிக் கசிவு இடர் உள்ளவரும், உணவுக்குழலில் கடும்புண் இருந்தவரும், பாரட் எனப்படும் உட்சுவர் மாற்றம் உள்ளவரும் நிறுத்தலாகாது. பக்கவிளைவு பற்றிய அச்சம் மட்டும் நிறுத்துவதற்குக் காரணமாகாது. விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, கறுத்த மலம் ஆகியவை இருப்போர் மாத்திரையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் விட்டு, முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்கள்.

தம்பிக்கு மாத்திரை தொடங்கிய காரணம் எட்டாண்டுக்கு முன்பே போய்விட்டது. பின்னர் வந்த எதுக்களிப்புக்கு வேறு வழிகளே பெரும்பாலும் போதுமாயிருந்தன. தமக்கைக்குக் காரணம் நாள்தோறும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நெஞ்செரிச்சல் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. கேஸ் மாத்திரை என்ற பெயர்தான் இருவரையும் ஏமாற்றியது. கொடுத்த இடத்தில், 'இது வாயுவுக்கன்று. இரத்தக் கசிவு வராமல் காக்க' என்று ஒரு வாய்ச்சொல் சொல்லியிருந்தால் போதும். ஔடத தானம் என்று முகாம் வைத்து அட்டைகளை வழங்கும் அன்பர்களும் இதைக் கருத வேண்டும். 'எனக்குக் கேட்டது, நீயும் போட்டுக்கொள்' என்று தம் அட்டையிலிருந்து இரண்டைக் கிள்ளிக் கொடுக்கும் உறவினருக்கும் இது பொருந்தும்.

பெரியவரின் பாத மரமரப்புப் பெரும்பாலும் தணிந்துவிட்டது. கண்மூடி நிற்கையில் இப்போது தள்ளாடுவதில்லை. பெயரனின் பெயரும் தவறுவதில்லை. கால்விரல் நுனிகளில் மட்டும் உணர்வு திரும்பவில்லை. இனித் திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். பாண்டோபிரசோல் முற்றிலும் நிற்கவுமில்லை. வெளியூர்ப் பயணமும் திருமணப் பந்தியும் வரும் வாரங்களில் சில நாள் உண்கிறார். ஆண்டுக்கொருமுறை பி12 சோதனை உண்டு.

தமக்கையைப் பார்க்கத் திண்டிவனம் சென்றபோது பெரியவர் ஒரு மைப்பேனாவையும் ஒட்டுத்தாள்களையும் கொண்டுசென்றார். வீட்டில் தம் மாத்திரைப் பெட்டிகளில் எழுதி ஒட்டியிருப்பது போலவே, பெயர், எதற்காக, எந்நாள் தொடங்கியது, அடுத்து யாரிடம் எப்போது கேட்க வேண்டும் என்று அவருடைய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினார். மருத்துவமனைச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, தாமாக ஒரு சொல்லும் சேர்க்காமல் எழுதினார். பாண்டோபிரசோல் பெட்டிக்கு வந்தபோது மட்டும் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினார்: 'கேஸுக்கு அல்ல. வயிற்றில் இரத்தம் கசியாமலிருக்க. இதய டாக்டர் சொன்னால்தான் நிறுத்தணும். தம்பி சொன்னாலும் நிறுத்தக் கூடாது.'